போனேன்

எங்கள் கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். யாருக்கு எதிரி என்று யாரும் கேட்பதில்லை. முதல் எதிரி, இரண்டாம் எதிரி, தலைமறைவான எதிரி என்று வருஷக்கணக்கில் பார்த்து எனக்கும் அந்தச் சொல் மரத்துப்போயிருந்தது. ஒரே ஒரு வழக்குக் கட்டில் மட்டும் அது கண்ணில் குத்தியது. ‘எதிரி கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நான்கு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு படித்துறைப் பக்கம் நடந்து போனதைப் பார்த்தேன்.’ மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவருடைய சாட்சியம். அவர் வாயில் அந்த வார்த்தை வந்திருக்காது. ‘அந்தப் பொண்ணு’ என்றுதான் சொல்லியிருப்பார். காகிதத்தில் ஏறும்போது எதிரி ஆகிவிட்டாள்.

டெல்டாவில் ஒரு செஷன்ஸ் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கீழ்க்கோர்ட்டில் சாட்சி சொல்வது, கேள்வி கேட்பது, தீர்ப்பு எழுதுவது எல்லாம் பெரும்பாலும் தமிழில்தான். மேல்முறையீடு என்று ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டால் அங்கே எல்லாம் இங்கிலீஷ். சாட்சியம், சம்பவ இடத்தில் கண்டதையும் எடுத்ததையும் போலீஸ் எழுதிவைக்கிற மகஜர், எதிரியின் பதில்கள் அனைத்தையும் இங்கிலீஷாக்கித் தைத்து ‘பேப்பர் புக்’ என்று அனுப்ப வேண்டும். மேல்முறையீட்டில் சாட்சிகளை மறுபடி கூப்பிட்டு விசாரிப்பது அபூர்வம். யார் அழுதார்கள், யார் தலையைக் குனிந்துகொண்டு பேசினார்கள் என்பதெல்லாம் கீழே நின்றுவிடும். மேலே போவது அந்தக் காகிதக் கட்டு ஒன்றுதான்.

எந்த ஊர், எந்த ஆறு என்று சொல்லப்போவதில்லை. தஞ்சாவூர் மாவட்டத்து வழக்குகள் 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளைக்குப் போகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வழக்குகள் சென்னைக்கு. ஒரே அரசலாறு, மேற்கே ஒன்று நடந்தால் மதுரை, கிழக்கே நடந்தால் சென்னை. இந்த வழக்கு எந்தப் பக்கம் போனது என்பதையும் விட்டுவிடுகிறேன். சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அந்தப் பெண் இன்னும் உயிரோடு இருக்கிறாள்.

வழக்கு இதுதான். இரண்டாவது பிரசவமாகி எழுபது நாள். புருஷன் கொத்து வேலை, குடி உண்டு. முதல் நாள் ராத்திரி வாரக் கடன் கட்டுகிற பணத்தில் சண்டை. விடிகாலையில் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போனாள். மேட்டூர் திறந்து தண்ணீர் கரைதொட்டு ஓடிய மாதம். நடவுக்குப் போன ஆட்கள் இறங்கி அவளை இழுத்துக் கரையில் போட்டார்கள். பிள்ளைகள் இல்லை. கொலைக்கு 302, தற்கொலைக்கு முயன்றதற்கு 309 என்று இரண்டு பிரிவுகளில் குற்றப்பத்திரிகை. செத்திருந்தால் வழக்கே இல்லை. பிழைத்ததற்கும் சேர்த்து ஒரு பிரிவு. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த 309-இன் பல்லைப் பிடுங்கியது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு பழைய வடிவில் இல்லவே இல்லை. எங்கள் கட்டு அதற்கெல்லாம் முந்தியது.

மருத்துவரின் சாட்சியத்தை மொழிபெயர்ப்பதுதான் ரொம்ப சுலபம், பாதி ஏற்கெனவே இங்கிலீஷில்தான் இருக்கும். மகஜர்களும் அப்படித்தான், அச்சு மாதிரி ஒரே வாக்கியங்கள். ‘படித்துறையின் மூன்றாவது படியில் ஒரு ஜோடி சிறுவர் செருப்பு, நீல நிறம், வார் பழுதில்லாமல்.’ வார் பழுதில்லாமல் என்று எழுதிய எழுத்தரை நான் பார்த்ததில்லை. எதற்காக அதைக் கவனித்தார் என்று அப்புறம் பல நாள் யோசித்திருக்கிறேன். பையன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறான். குளிக்கப் போகிறோம் என்று நினைத்திருப்பான்.

கஷ்டம் வந்தது அவளுடைய அம்மாவின் சாட்சியத்தில். அரசுத் தரப்புச் சாட்சியாகத்தான் அந்த அம்மாவைப் போட்டிருந்தார்கள், சண்டை நடந்ததைச் சொல்வதற்காக. குறுக்கு விசாரணையில் வக்கீல் ஏதோ கேட்க, அவர் சொன்னது ஏறக்குறைய பேச்சு வழக்கிலேயே பதிவாகியிருந்தது:

“பச்ச ஒடம்பு. பத்தாம் நாளே ஜன்னி கண்ட மாரி ஆயிட்டா. ராத்திரியெல்லாம் தூங்க மாட்டா. இது எம் புள்ள இல்ல, மாத்திட்டாங்கம்பா. அவ அவளாவே இல்ல. முப்பது கழியட்டும்னு காத்திருந்து திருவெடமருதூருக்கு அழச்சிட்டுப் போயிட்டு வந்தோம். குணசீலத்துக்குப் போறதா இருந்தோம்.”

இதற்கு நான் என்ன எழுதினேன் என்பது இன்றும் மனப்பாடம். பச்சை உடம்பு என்பதற்கு ‘வீக்’ என்று போட்டேன். ஜன்னிக்கு அகராதியைப் புரட்டினேன், காய்ச்சல் சம்பந்தமாக இருந்தது, ‘ஹை ஃபீவர்’ என்று போட்டேன். அவள் அவளாகவே இல்லை என்பதற்கு ‘அப்செட்’. திருவிடைமருதூருக்குப் போனது ‘கோயிலில் வழிபட்டோம்’ என்று ஆயிற்று. வார்த்தைக்கு வார்த்தை எடுத்தால் எதுவும் பொய்யில்லை.

டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்போம். அது பலவீனம் என்ற பொருளில் இல்லை, இன்னும் மூடாத ஒரு காயம் மாதிரி, காற்று பட்டாலும் கறுப்பு அண்டினாலும் உள்ளே போய்விடும் என்ற பயத்தில் சொல்வது. பிரசவ ஜன்னி என்றால் வெறும் காய்ச்சல் இல்லை. பெற்றவள் பிதற்றுவது, பிள்ளையை அடையாளம் தெரியாமல் விழிப்பது, எழுந்து ஓடுவது எல்லாம் அதில் அடக்கம். திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில், வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி விலகிய இடம். கிழக்கு வாசலில் நுழைந்து, வந்த வழியே திரும்பாமல் வேறு வாசல் வழியாக வெளியேற வேண்டும். பிடித்தது கிழக்கு வாசலிலேயே நின்றுவிடும் என்று நம்பிக்கை. குணசீலம் பெருமாள் கோயிலில் மனம் பிசகியவர்களை ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தங்க வைப்பார்கள். இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் ஒரே மூச்சில் ஒரு தாய் சொன்னால், எங்கள் பக்கத்தில் அதற்கு மெடிக்கல் சர்ட்டிபிகேட் தேவையில்லை. அந்த முப்பது நாள் காத்திருப்பையும் பாருங்கள். தீட்டோடு கோயிலுக்குப் போகக் கூடாது என்று, பத்தாம் நாள் தொடங்கிய நோயை இருபது நாள் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக் காத்திருந்திருக்கிறார்கள். என் இங்கிலீஷில் அவர்கள் ஒரு பக்தியான குடும்பம், அவ்வளவுதான்.

அப்புறம் எதிரியின் பதில்கள். சாட்சிகள் எல்லாம் முடிந்தபின், உனக்கு எதிராக வந்த ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்கிறாய் என்று நீதிபதியே எதிரியைக் கேட்பார். பழைய சட்டத்தில் 313 கேள்விகள் என்போம். பெரும்பாலும் ‘பொய்’, ‘தெரியாது’ என்று இரண்டே பதில்கள்தான் வரும். பழகியவர்கள் சாப்பிட்டுக்கொண்டேகூட டைப் அடித்துவிடலாம். இவள் முதல் ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை. ‘பதில் இல்லை’ என்று ஆறு தடவை இருந்தது. ஏழாவது கேள்வி, நீ பிள்ளைகளோடு ஆற்றுக்குப் போனதைப் பார்த்ததாக மாடு ஓட்டியவர் சொல்கிறாரே என்பது. அதற்குப் பதில்:

“தண்ணிக்குள்ள புள்ள அழுவுற சத்தம் கேட்டுச்சு. போனேன்.”

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், இன்னும் நாலு பக்கம் பாக்கி. தண்ணீருக்குள் குழந்தை அழும் சத்தம் கேட்டது, நான் அங்கிருந்து சென்றுவிட்டேன் என்ற பொருள் வரும்படி இங்கிலீஷில் அடித்தேன். ‘வென்ட் அவே.’ ஏன் அந்த ‘அவே’யைச் சேர்த்தேன்? பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டவள் என்று அதற்குள் என் மனதில் ஒரு படம் விழுந்திருந்தது. படத்துக்கு ஏற்றபடி வாக்கியம் வந்துவிட்டது.

இப்போது அந்தப் பதிலைக் கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள். ஆற்றுக்கு ஏன் போனாய் என்பதுபோல ஒரு கேள்வி. தண்ணீருக்குள்ளிருந்து பிள்ளை அழுதது, அதனால் போனேன் என்று ஒரு பதில். பிள்ளை அவள் தோளில் இருக்கிறது. ஆனால் அவளுடைய பிள்ளை ஆற்றுக்குள் அழுகிறது. இது எம் புள்ள இல்ல, மாத்திட்டாங்க என்று அவள் அம்மாவிடம் சொன்னது இங்கே வந்து சேர்கிறது. காதில் இல்லாத சத்தம் கேட்டதை நீதிபதி முன்னால் அவள் சொல்லியிருக்கிறாள். அதை நான் சத்தம் கேட்டும் விட்டுவிட்டுப் போனவளின் ஒப்புதல் ஆக்கிவிட்டேன்.

இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. கட்டு போய், மேல்முறையீடு முடிந்து, தீர்ப்பு நகலோடு திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. திரும்பி வரும் தீர்ப்புகளைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு, என் பிழை ஏதாவது அங்கே குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்ற பயத்தில்தான். பிழை என்று எதுவும் குறிப்பிடப்படவில்லை. என் வாக்கியம் இருந்தது, மேற்கோள் குறிகளுக்குள். தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, குழந்தையின் அழுகையைக் கேட்டுவிட்டு அங்கிருந்து போயிருக்கிறாள், ஆகவே மனநிலை பிறழ்ந்தவர் என்ற வாதத்தை ஏற்க முடியாது என்று அதற்குக் கீழே.

அந்த வாதத்துக்குப் பெயர் 84-ஆவது பிரிவு. 1860-இல் எழுதியது. புதிய சட்டத்தில் எண் 22 ஆகியிருக்கிறது, உள்ளே சரக்கு அதேதான். மனநிலை பிறழ்ந்ததால், செய்கிற காரியம் இன்னது என்றோ அது தவறு என்றோ அந்த நேரத்தில் அறிய முடியாதவர் செய்தது குற்றமில்லை. இதன் வேர் 1843-இல் லண்டனில் இருக்கிறது. பிரதமர் பீலைக் கொல்வதாக நினைத்து அவருடைய செயலாளரைச் சுட்டுக் கொன்றவன் மெக்நாட்டன். அவனைப் பைத்தியம் என்று விடுவித்ததில் எழுந்த சத்தத்துக்குப் பிறகு நீதிபதிகள் வகுத்துக் கொடுத்த விதி. வைத்தியர் பார்க்கிற பைத்தியம் வேறு, சட்டம் பார்க்கிற பைத்தியம் வேறு என்று நம் கோர்ட்டுகள் இதை வைத்துக்கொண்டு சொல்லும். நிரூபிக்கிற பாரம் எதிரி தலையில். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, இருந்திருக்கலாம் என்று தோன்றினால் போதும், சம்பவத்துக்கு முன்னும் அப்போதும் பின்னும் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று பார்க்க வேண்டும் என்று குஜராத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லிவிட்டது. முன்னால் நடந்தது அந்த அம்மா சொன்னது. பின்னால் நடந்தது அந்த ஏழாவது பதில். இரண்டுமே என் மேஜையைத் தாண்டிப் போனவை.

முழுப் பழியையும் நானே சுமக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கீழ்க்கோர்ட்டு நீதிபதி தமிழில் கேட்டு, தமிழில் எழுதித்தான் ஆயுள் தண்டனை கொடுத்தார். எதிரி தரப்பில் ஒரு மனநல மருத்துவரைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. கைதான அன்று அவளை யாரும் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டோம்.

இதில் வேடிக்கை, அவள் வெளியே வந்துவிட்டாள். ஹைகோர்ட்டு 84-ஐ மறுத்துவிட்டு, அடுத்த பாராவிலேயே வேறொரு கதவைத் திறந்தது. அந்தக் கதவின் பெயர் நல்லதங்காள்.

இது விளையாட்டுப் பேச்சில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 1989-இல் ஒரு தீர்ப்பில் அந்தப் பெயரையே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கொலை வழக்கில் ஆத்திரமூட்டல் என்று ஒரு விலக்கு உண்டு, ஆனால் அது ‘கடுமையான, திடீரென்ற’ ஆத்திரமூட்டலாக இருக்க வேண்டும். ஆறுவதற்கு நேரம் கிடைத்துவிட்டால் அந்த விலக்கு கிடைக்காது என்பதை 1961-இல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாக்கியிருந்தது. அடி வாங்கிக்கொண்டு, வசவு வாங்கிக்கொண்டு, வருஷக்கணக்கில் உள்ளே சேர்ந்து ஒரு நாள் உடைகிறவளுக்கு ‘திடீர்’ எங்கிருந்து வரும்? அப்படித் தொடர்ந்து சேர்கிற வேதனையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது 1989 தீர்ப்பு. கொலை என்பது அதனால் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறையும். எங்கள் கட்டிலும் அதுதான் நடந்தது. புருஷனின் குடி, வாரக் கடன், முதல் நாள் சண்டை எல்லாவற்றையும் கூட்டி, அதுவரை அவள் சிறையில் இருந்த காலமே போதும் என்று முடித்துவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். பெண்களின் வாழ்க்கை தெரிந்த யாரோதான் அப்படி யோசித்திருக்க முடியும். பிள்ளைகளைக் கொன்றவள் என்றாலே அரக்கி என்று முடிவு கட்டுகிற ஊரில், தீர்ப்பு சொல்கிறவர்கள் கொஞ்சம் நிதானமாக இருந்த சந்தர்ப்பங்கள் உண்டு. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியை விடுதலை செய்தது. இரண்டு மகன்களுக்கு விஷம் கொடுத்துவிட்டுத் தானும் குடிக்கப்போனபோது உறவுப் பெண் தட்டிவிட, பிழைத்தவள். ஏறக்குறைய இருபது வருஷம் சிறை. குற்றம் கொடூரமானது என்று சொல்லி அரசு முன்கூட்டி விடுவிக்க மறுத்திருந்தது. அவளுக்கு வேறொருவரோடு இருந்த உறவும் பேச்சில் வந்தது. ஒழுக்கத்தைப் போதிப்பது எங்கள் வேலையில்லை என்று சொல்லித்தான் நீதிபதிகள் அவளை அனுப்பினார்கள்.

ஆனால் எங்கள் வழக்கில் இருந்தவள் நல்லதங்காள் இல்லை. எனக்கு மனது ஆறாமல் இருப்பது இதில்தான்.

நல்லதங்காள் கதையில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பஞ்சம், ஏழு பிள்ளைகளின் பசி, அண்ணன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கதவடைத்த மூளி அலங்காரி. கடைசியில் கிணறு. மூத்தவன் என்னையாவது விட்டுவிடு அம்மா என்று கெஞ்சுவதைக் கேட்டு எங்கள் ஆத்தா முந்தானையால் மூக்கைச் சிந்துவார், பக்கத்திலிருக்கிற எல்லாப் பெண்களும் சிந்துவார்கள். அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. நமக்கு இப்படி ஒரு கதை தயாராக இருப்பதால், தண்ணீரில் பிள்ளைகளோடு இறங்கிய எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அதில் ஊற்றிவிடுகிறோம். போலீஸ் சண்டையைத் தேடுகிறது, வக்கீல் கொடுமையைத் தேடுகிறார், பத்திரிகைக்காரர் கள்ளக்காதலைத் தேடுகிறார். காரணம் இருந்தாக வேண்டும். ஜன்னிக்குக் காரணம் கிடையாது. நல்ல புருஷன் உள்ளவளுக்கும் வரும், கடனில்லாத வீட்டிலும் வரும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குகிறது என்கிறார்கள். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் செய்தால் குணமாகிற நோய். பெங்களூர் நிம்ஹான்ஸில் தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள 2009-லிருந்து தனிப் பிரிவே இருக்கிறது. திருவிடைமருதூர் வாசல்களைத் தெரிந்த குடும்பத்துக்கு அது தெரிய வழியில்லை.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1922-இல் ஒரு சட்டம் வந்தது, 1938-இல் திருத்தி எழுதினார்கள். பெற்ற பாதிப்பிலிருந்து மீளாமல் மனம் குலைந்த தாய் தன் ஒரு வயதுக்குள்ளான குழந்தையைக் கொன்றால் அதைக் கொலையாகப் பார்ப்பதில்லை. நமக்குத் தண்டனைச் சட்டத்தை எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் இது அவர்கள் போட்டுக்கொண்ட அப்புறமும் நமக்கு வரவில்லை. வந்திருந்தாலும் கைக்குழந்தைக்குத்தான் பொருந்தியிருக்கும். செருப்பைக் கழற்றி வைத்த பையனுக்கு அந்தச் சட்டத்திலும் இடமில்லை.

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே, எந்தக் கதவு வழியாக வந்தால் என்ன என்று கேட்கலாம். மேல்முறையீட்டை நடத்திய சட்ட உதவி வக்கீலும் அதைத்தான் சொன்னார். ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்து இலை. ‘போனேன்’ பற்றிச் சொன்னேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“மேடம், 84-ல விட்டிருந்தா நேரா வீட்டுக்கு அனுப்பிருப்பாங்கன்னு நெனக்கிறீங்களா? கீழ்ப்பாக்கத்துல வச்சிருப்பாங்க, யாராச்சும் கையெழுத்துப் போட்டு அழச்சிட்டுப் போற வரைக்கும். புருஷன் வந்திருப்பானா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 84-இல் விடுதலை என்றால் வாசல் திறந்துவிடுவதில்லை, பத்திரமான காவலிலோ மனநல மருத்துவமனையிலோ வைக்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது.

“இப்ப எப்படி இருக்கா?” என்றேன்.

“அம்மாகாரி வீட்ல. நல்லாத்தான் இருக்கா, மேடம். அதான் கஷ்டம். தெளிஞ்சிட்டா. நான் பாத்தப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டா. சார், நாந்தான் செஞ்சேன்னு தீர்ப்புல எழுதியிருக்கா, இல்ல ஒடம்பு சரியில்லாம செஞ்சேன்னு எழுதியிருக்கான்னு.”

“என்ன சொன்னீங்க?”

“விடுதலைன்னு எழுதியிருக்குன்னு சொன்னேன்.” பாயசம் வந்தது, இலையை நகர்த்திக்கொண்டார்.

ஆபீசில் இப்போது என் இடத்தில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். யூனிகோட், கூகுள் எல்லாம் தெரியும், என்னைவிட இங்கிலீஷ் நன்றாக வரும். எப்போதாவது ஒரு சொல்லுக்காகப் போன் செய்வாள். போன வாரம் செய்தாள். பாகப்பிரிவினை வழக்கு, எழுபது வயது சாட்சி.

“மேடம், ‘அதோட அவ போயிட்டா’ன்னு இருக்கு. செத்துட்டாங்களா, ஊர விட்டுப் போயிட்டாங்களான்னு தெரியல. என்ன போடட்டும்?”

“முன்னாடி கேள்வி என்ன?”

படித்தாள்.

“அதுக்கு முன்னாடி?”

“மேடம், அது ரெண்டு பக்கம் முன்னாடி போகுது.”

“பரவால்ல,” என்றேன். “மொதல்லேருந்து படி.”